வெளியிலிருந்து கனெக்‌ஷன் வந்தால் விழும் டேட்டாபேஸ் சர்வர்: லாக், டிசிபிடம்ப், எஸ்ட்ரேஸ், கோர் டம்ப், எது உருப்படியான வழி?

சர்வர் ஒழுங்காக எழுந்து நிற்கிறது. அதே மெஷினில் உட்கார்ந்து கிளையன்ட்டைத் திறந்தால் டேபிள் எல்லாம் வருகிறது, குவெரி ஓடுகிறது. வெளியிலிருந்து ஒரே ஒரு கனெக்‌ஷன் வந்தால் போதும், பொத்தென்று விழுகிறது, தானாக எழுகிறது, அடுத்த கனெக்‌ஷனுக்கு மறுபடி விழுகிறது. இந்த நிலைமையில் ஆளாளுக்கு ஒரு வழி சொல்வார்கள். சர்வர் எழுதிவைக்கும் லாகைப் பார், டிசிபிடம்ப் வைத்து நெட்வொர்க்கில் போகும் பேக்கெட்டைப் பிடி, எஸ்ட்ரேஸ் (பிராசஸ் கெர்னலிடம் கேட்பதையெல்லாம் வரிசையாகக் காட்டும் கருவி) போடு, கோர் டம்ப் (விழும் நேரத்தில் மெமரியில் இருந்ததன் நகல்) எடு, பேசாமல் வெர்ஷனை மாற்று. எல்லாமே சரியான யோசனைதான், ஆனால் எல்லாம் ஒரே விலை இல்லை.

நான் பார்க்கும் கணக்கு ஒன்றுதான்: ஒரு கிராஷுக்கு எவ்வளவு தகவல் கிடைக்கிறது? ஏனென்றால் கிராஷ் இலவசம் இல்லை. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் எல்லாமே ஒரே பிராசஸ் (ஓடும் ஒரு புரோகிராம்), அதற்குள் மெமரியைப் பகிர்ந்துகொண்டு தனித்தனியாக ஓடுபவைதான் த்ரெட்டுகள், கனெக்‌ஷனுக்கு ஒரு த்ரெட், ஒரு த்ரெட் தப்பான மெமரியைத் தொட்டால் மொத்த சர்வரும் போச்சு. இன்னொரு டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் கனெக்‌ஷனுக்கு ஒரு தனி பிராசஸ் வைக்கிறது, அதனால் தப்பிக்கும் என்று நினைப்போம். இல்லை. ஒரு பிராசஸ் செத்தால், பொது மெமரி கெட்டுப்போயிருக்கலாம் என்ற சந்தேகத்தில் தலைமை பிராசஸ் மற்ற எல்லாரையும் வெளியே தள்ளிவிட்டு ரிகவரியைத் தொடங்கும். ஆக எந்தப் பக்கமாக இருந்தாலும், நீங்கள் சோதித்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் வேறு யாருடைய வேலையோ பாதியில் அறுகிறது.

எந்த வழிக்குப் போவதற்கு முன்னாலும் இரண்டு நிமிஷ வேலை ஒன்று இருக்கிறது. மைஎஸ்கியூஎல் கிளையன்ட்டில் லோக்கல்ஹோஸ்ட் (இதே மெஷின் என்று பொருள்) என்று கொடுத்தால் லினக்ஸில் அது நெட்வொர்க் பக்கமே போகாது, மெஷினுக்குள்ளேயே பேசிக்கொள்ளும் யூனிக்ஸ் சாக்கெட் வழியாகப் போய்விடும். "லோக்கலில் டிசிபி (நெட்வொர்க் வழி) வேலை செய்கிறது" என்று சத்தியம் செய்பவர்களில் பாதிப் பேர் சோதித்தது சாக்கெட்டைத்தான். அதனால் மூன்று தடவை இணைத்துப் பாருங்கள்: ஒன்று லோக்கல்ஹோஸ்ட், இரண்டு 127.0.0.1 (அதே மெஷினைக் குறிக்கும் ஐபி), மூன்று அந்த மெஷினின் உண்மையான நெட்வொர்க் ஐபி. இரண்டாவதிலேயே விழுந்தால் டிசிபி பாதையிலேயே ஏதோ இருக்கிறது. முதல் இரண்டும் தாண்டி மூன்றாவதில் விழுந்தால், ஐபியிலிருந்து பெயரைத் தேடும் இடத்தைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். 127.0.0.1 என்றால் மைஎஸ்கியூஎல் அது லோக்கல்ஹோஸ்ட் என்று தானே முடிவு செய்துகொண்டு பெயர் தேடித் தரும் டிஎன்எஸ் பக்கம் போகாது, வேறு ஐபி என்றால் போகும்.

சரி, இப்போது லாக். செலவே இல்லாத வழி, ஏனென்றால் ஏற்கெனவே நடந்த கிராஷிலிருந்தே தகவல் வருகிறது. முதலில் தேட வேண்டியது சிக்னல் எண், அதாவது பிராசஸ் எப்படிச் செத்தது என்று காட்டும் எண். 11 என்றால் தொடக்கூடாத மெமரியைத் தொட்டிருக்கிறது. 6 என்றால் சர்வரே "இப்படி நடக்க வாய்ப்பில்லையே" என்று தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது, பெரும்பாலும் பக்கத்திலேயே காரணம் எழுதியிருக்கும். 9 என்றால் மெமரி பற்றாமல் கெர்னல் போட்டுத் தள்ளியிருக்க வாய்ப்பு அதிகம், கெர்னல் லாகில் அது தெளிவாக இருக்கும், அப்படியானால் இந்த அலசலில் மீதி எதுவும் உங்களுக்குத் தேவையில்லை, பஃபர் அளவுகளையும் கனெக்‌ஷன் எண்ணிக்கையையும் பார்க்கப் போகலாம். பிராசஸ் முடியும்போது வெளியே வரும் எண் மட்டும் 139, 137 என்று இருந்தால் 128-ஐக் கழித்துக்கொள்ளுங்கள், அதே 11-உம் 9-உம்தான். லாகின் பலவீனம் என்னவென்றால், அது செத்த இடத்தைச் சொல்லும், அதுவும் குத்துமதிப்பாக. டீபக் சிம்பல் (முகவரிகளை ஃபங்க்‌ஷன் பெயர்களாக மாற்ற உதவும் தகவல்) நீக்கப்பட்ட பைனரியாக இருந்தால் வெறும் முகவரி எண்களாக ஒரு பத்தி வரும், அதை மட்டும் வைத்துக்கொண்டு பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

லாகுக்கு அடுத்து எல்லோரும் கைவைப்பது கான்ஃபிக், அதாவது சர்வரின் அமைப்பு ஃபைல். ஒரு வரியை மாற்று, ரீஸ்டார்ட், இணைத்துப் பார், விழுந்தது, அடுத்த வரி. என் கணக்கில் இதுதான் இருப்பதிலேயே மோசமான வியாபாரம். ஒரு கிராஷுக்கு "இது இல்லை" என்ற ஒரே ஒரு பதில். டெஸ்ட் மெஷினில் செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் மட்டும் வேண்டாம்.

பேக்கெட் பிடிப்பதைப் பலர் கடைசிக்கு ஒதுக்குகிறார்கள், அது தப்பு. டிசிபிடம்ப் சர்வரைத் தொடுவதில்லை, பெரிதாக மெதுவாக்குவதும் இல்லை, கிராஷ் எந்தக் கட்டத்தில் என்பதை ஒரே தடவையில் காட்டிவிடும். மைஎஸ்கியூஎல் புரோட்டோகாலில் ஒரு வசதி, கனெக்‌ஷன் வந்ததும் முதலில் பேசுவது சர்வர்தான். அதன் போர்ட்டான 3306-ஐத் தொட்டவுடன் வெர்ஷன் எண்ணோடு ஒரு வரவேற்பு பேக்கெட் அனுப்பும். அது வருவதற்கு முன்பே கனெக்‌ஷன் அறுந்தால், பிரச்சினை பெயர் தேடுவதிலோ அதற்கும் முன்னாலோ. வரவேற்பு வந்து, கிளையன்ட் டிஎல்எஸ் (மறையாக்கம்) கேட்டு, அப்போது விழுந்தால் அந்த வேலையைச் செய்யும் ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரி அல்லது சான்றிதழ் பக்கம் திரும்புங்கள். டிஎல்எஸ்ஸும் தாண்டி பாஸ்வேர்டு கட்டத்தில் விழுந்தால் ஆதென்டிகேஷன் பிளகின், பாம், எல்டாப் மாதிரி ஆளைச் சரிபார்க்கும் சமாச்சாரங்கள். போஸ்ட்கிரெஸ்ஸில் தலைகீழ், 5432-இல் கிளையன்ட்தான் முதலில் பேசும்: டிஎல்எஸ் உண்டா என்று 8 பைட்டில் ஒரு கேள்வி, சர்வரிடமிருந்து ஒரே ஒரு எழுத்தில் பதில். அந்த ஓர் எழுத்து வந்ததா இல்லையா என்பதே பெரிய துப்பு. ஆனால் டிசிபிடம்ப் அங்கேயே நின்றுவிடும், கட்டம் எது என்று சொல்லும், காரணம் சொல்லாது. நான் ஒரு தடவை இரண்டு ராத்திரி பேக்கெட்டுகளையே வெறித்துக்கொண்டிருந்தேன், முதல் பத்து நிமிஷத்தில் தெரிந்ததற்கு மேல் ஒன்றுமே தெரியவில்லை.

எஸ்ட்ரேஸ் அந்த இடத்திலிருந்து கையைப் பிடித்து அழைத்துப் போகும். ஓடுகிற பிராசஸில், எல்லா த்ரெட்டையும் சேர்த்துப் பின்தொடரும் விதமாக மாட்டிவிட்டு ஒரு கனெக்‌ஷன் கொடுத்தால், சாவதற்கு முன்னால் கடைசியாக எந்த ஃபைலைத் திறந்தது, யாருக்கு என்ன அனுப்பியது எல்லாம் வரிசையாக வரும். பெயர் தேடும் பிரச்சினை என்றால் காட்சி அச்சு அசலாக இப்படி இருக்கும்: பெயரை எங்கெங்கே தேடுவது என்று சொல்லும் என்எஸ்ஸ்விட்ச் ஃபைலைப் படிக்கும், ஹோஸ்ட்ஸ் ஃபைலைப் பார்க்கும், பெயர் தேடும் ஒரு என்எஸ்எஸ் லைப்ரரியைத் திறக்கும், அவ்வளவுதான், சிக்னல் 11. இதற்குப் பின்னால் இருப்பது பழைய கதை. முழுக்க ஸ்டாட்டிக்காக லிங்க் செய்த, அதாவது லைப்ரரிகளை உள்ளேயே சேர்த்துக் கட்டிய பைனரி எதையும் வெளியிலிருந்து எடுக்காது என்றுதானே நினைப்போம், ஆனால் லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி பெயர் தேடும்போது மட்டும் அந்த மெஷினில் இருக்கும் என்எஸ்எஸ் லைப்ரரியை ஓடும் நேரத்தில் ஏற்றக்கூடும். பைனரி ஒரு ஜிலிப்சி வெர்ஷனில் கட்டப்பட்டு, மெஷினில் வேறு வெர்ஷன் இருந்தால் இரண்டும் ஒத்துப்போகாமல் விழலாம். வேடிக்கை என்னவென்றால் லிங்க் செய்யும்போதே லிங்கர் இதை எச்சரிக்கையாகச் சொல்கிறது, கட்டியவர் கண்ணில் அது பட்டிருக்கும், எச்சரிக்கைதானே என்று தாண்டிப்போயிருப்பார்.

எஸ்ட்ரேஸுக்கும் இரண்டு குறை உண்டு. மாட்டியிருக்கும் நேரம் முழுக்க சர்வர் கணிசமாக மெதுவாகும், அதனால் ஒரு கிராஷ் பிடித்ததும் கழற்றிவிட வேண்டும். அப்புறம், த்ரெட்டுகள் ஒன்றையொன்று முந்துவதால் வரும் கோளாறு என்றால், வேகம் குறைந்ததும் அது ஒளிந்துகொள்ளும். எஸ்ட்ரேஸ் போட்டால் விழாமல் நிற்கிறது என்பதும் ஒரு தகவல்தான், எரிச்சலூட்டும் தகவல்.

அந்த மாதிரி நேரத்துக்கு கோர் டம்ப். ஒரே கிராஷில் எல்லாமே கிடைக்கும்: ஜிடிபி என்ற டீபகரில் திறந்தால் ஒவ்வொரு த்ரெட்டும் எந்த ஃபங்க்‌ஷனில், என்ன மதிப்போடு நின்றது என்பது வரை. என் கணக்குப்படி முதல் பரிசு இதற்குத்தான், ஆனால் தயார் செய்யும் வேலை கொஞ்சம் ஓவர். சர்வரைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியில் கோர் அளவு வரம்பை எடுக்க வேண்டும், மைஎஸ்கியூஎல் கான்ஃபிக்கில் கோர்-ஃபைல் போட வேண்டும், சர்வர் ரூட்டாகத் தொடங்கி வேறு யூசராக மாறுகிறது என்றால் கெர்னலின் சூயிட்-டம்பபிள் அமைப்பையும் பார்க்க வேண்டும், இல்லையென்றால் கோர் எழுதாமலே போகலாம். டிஸ்க்கிலும் இடம் வேண்டும், ஏனென்றால் பஃபர் பூல் (டேட்டாவை வைத்துக்கொள்ளும் மெமரிப் பகுதி) மொத்தமும் அதற்குள் வந்து விழும். மைஎஸ்கியூஎல் 8.0.14-இலிருந்து பஃபர் பூலை விட்டுவிட்டு எழுதச் சொல்ல ஒரு ஆப்ஷன் இருக்கிறது, அதைப் போட்டால் கோர் கைக்கு அடங்கும். அதே பில்டுக்கான டீபக் சிம்பல் பாக்கேஜ் கட்டாயம், ஏறக்குறைய அதே வெர்ஷன் என்பதெல்லாம் செல்லாது. இன்னொன்று, கோருக்குள் உங்கள் பயனர்களின் டேட்டா அப்படியே இருக்கும், உதவி கேட்கும் அவசரத்தில் யாருக்கும் தூக்கி அனுப்பிவிடாதீர்கள், ஸ்டாக் டிரேஸை மட்டும் அனுப்புங்கள்.

வெர்ஷனை ஏற்றிவிடுவது? தகவல் பூஜ்யம், ஆனால் சில சமயம் அதுதான் சரியான பதில். பாஸ்வேர்டே இல்லாமல் வெளியிலிருந்து ஒரு பேக்கெட் அனுப்பி சர்வரை விழ வைக்க முடிகிறது என்றால் அது வெறும் பிழை இல்லை, பாதுகாப்பு ஓட்டையாகவும் இருக்கலாம். 2003 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரைத் தாக்கிய எஸ்கியூஎல் ஸ்லாமர் புழு பரவியது யுடிபி 1434-க்கு வந்த 376 பைட் பேக்கெட்டால், அதற்கான பேட்ச் 2002 ஜூலையிலேயே வந்துவிட்டது. 2013 ஏப்ரலில் போஸ்ட்கிரெஸ்ஸும் அப்படி ஒரு ஓட்டையை அடைத்தது: கனெக்‌ஷனில் டேட்டாபேஸ் பெயர் கழித்தல் குறியில் தொடங்கினால் சர்வரின் ஃபைல்களையே கெடுக்க முடிந்தது. அதனால் முதலில் ஃபயர்வாலில் அந்த போர்ட்டைத் தெரிந்த ஐபிகளுக்கு மட்டும் என்று அடைத்துவிட்டு, அப்புறம் மற்றதைப் பாருங்கள்.

என் வரிசை என்று கேட்டால்: லாகில் சிக்னல், மூன்று தடவை இணைப்பு, அதையே டிசிபிடம்ப்போடு, கோர் டம்ப் தயாராக இருக்கட்டும், அடுத்த விழுதலை எஸ்ட்ரேஸோடு பிடிப்பது. இரண்டு மூன்று கிராஷில் முடிந்துவிட வேண்டும்.

காரணம் பெயர் தேடல்தான் என்று தெரிந்துவிட்டால், தற்காலிக வழிகளிலும் போட்டி உண்டு. எஸ்எஸ்ஹெச் டனல் (மறையாக்கப்பட்ட இணைப்பு வழி) போட்டு யூனிக்ஸ் சாக்கெட்டுக்கே கொண்டுபோகலாம், ஓபன்எஸ்எஸ்ஹெச் 6.7-இலிருந்து முடியும், ஆனால் டனலை யாராவது காவல் காக்க வேண்டும். உங்கள் லினக்ஸ் டிஸ்ட்ரோவுக்காகவே கட்டிய, டைனமிக்காக லிங்க் செய்த (மெஷினின் லைப்ரரிகளையே பயன்படுத்தும்) பைனரிக்கு மாறுவதுதான் நிஜமான தீர்வு, அதற்குப் பராமரிப்பு நேரம் வேண்டும். பெயர் தேடலையே நிறுத்தும் மைஎஸ்கியூஎல் அமைப்பான ஸ்கிப்-நேம்-ரிசால்வ் ஒரே வரி, ஒரே ரீஸ்டார்ட், உடனே நிற்கும், நான் முதலில் போடுவது அதைத்தான். போடுவதற்கு முன் யூசர் டேபிளை ஒரு தடவை திறந்து பாருங்கள். ஹோஸ்ட் பெயரில் கொடுத்த அனுமதி எதுவும் அதற்குப் பிறகு பொருந்தாது, 127.0.0.1 வழியாக வருபவரும் லோக்கல்ஹோஸ்ட் கணக்கில் சேரமாட்டார். கிராஷ் நின்ற சந்தோஷத்தில் இருக்கும்போது அப்ளிகேஷன் முழுக்க "அனுமதி இல்லை" என்று வந்தால், மறுபடி முதலிலிருந்து தேட ஆரம்பித்துவிடுவீர்கள்.