அலாரம் நின்றதா, அடித்ததா? லாங்மன் அகராதி பற்றி ஒரு நர்ஸின் கருத்து

ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) எழுதப்போகும் நர்ஸ் தங்கச்சிகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "ஃப்ரேசல் வெர்புக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம் அக்கா?" என்பதுதான். வினைச்சொல்லோடு ஆஃப், அப் மாதிரி சின்னச் சொல் ஒட்டி வேறு பொருள் தருவதுதான் ஃப்ரேசல் வெர்ப். எதையும் வாங்காதீர்கள், லாங்மன் ஆங்கில-ஆங்கில அகராதியின் இணையதளத்தைத் திறங்கள் என்பேன். காசு கிடையாது, போனிலேயே பார்க்கலாம். மதுரையில் தேர்வுக்குப் படித்தபோதும் இதைத்தான் வைத்திருந்தேன். இப்போது வட இங்கிலாந்தில் முதியோர் வார்டில் வேலை, பிரேக் நேரத்தில் இன்னமும் இதைத்தான் திறக்கிறேன்.

இந்த ஊர்ப் பேச்சில் கோ, கம், டேக், புட், ப்ரிங் இல்லாத வாக்கியம் அபூர்வம். பின்னால் ஆஃப், அப், அவுட், ரவுண்ட் என்று ஏதாவது ஒட்டிக்கொண்டு வரும். தனித்தனியாக எல்லாமே சின்ன வகுப்பில் படித்த சொற்கள். சேர்ந்தால்தான் வம்பு.

கோ ஆஃப் இருக்கிறதே, அதைப் பாருங்கள். நமக்கு ஆஃப் என்றால் நின்றுபோவது. ஃபேன் ஆஃப், மோட்டார் ஆஃப், போன் ஸ்விட்ச் ஆஃப். "தி லைட்ஸ் வென்ட் ஆஃப்" என்றால் விளக்கு அணைந்துவிட்டது, சரி. ஆனால் "தி அலார்ம் வென்ட் ஆஃப்" என்றால் அலாரம் அடித்தது! நேர் எதிர். நரம்பில் மருந்து ஏற்றும் இன்ஃப்யூஷன் பம்ப் கத்தினாலும் இதே பேச்சுதான். இதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று நர்ஸுகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

லாங்மனில் கோ ஆஃப் பகுதிக்குப் போனால் வெடிப்பது, சத்தம் எழுப்புவது, நின்றுபோவது, கெட்டுப்போவது, பிடிக்காமல் போவது என்று ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் ஒரு சின்னத் தலைப்பு போட்டிருப்பார்கள். முழுதும் படிக்க வேண்டாம், கண்ணை ஓட்டினால் போதும். கூடவே உதாரண வாக்கியங்கள். எனக்கு இந்த அகராதி பிடித்துப்போனதே அந்த வாக்கியங்களால்தான். ஏனென்றால் "தி மில்க் ஹாஸ் கான் ஆஃப்" என்றால் பால் கெட்டுவிட்டது. "ஷீ ஹாஸ் கான் ஆஃப் மில்க்" என்றால் அந்த அம்மாவுக்குப் பால் பிடிக்காமல் போய்விட்டது. சொற்கள் அதேதான், இடம்தான் மாறியிருக்கிறது. முதலாவதற்குப் பாலைக் கொட்டினால் முடிந்தது. இரண்டாவதற்கு ஃபுட் சார்ட்டில் எழுதவேண்டும், எடை பார்க்கவேண்டும். பொருளை மட்டும் வரிசையாக மனப்பாடம் செய்தவருக்கு இந்த வித்தியாசம் பிடிபடாது.

இன்னொரு நல்ல விஷயம், இருபக்க அம்புக்குறி. டேக் என்பதற்கும் ஆஃப் என்பதற்கும் நடுவே அந்த அம்பு இருந்தால், எதைக் கழற்றுகிறோமோ அந்தச் சொல்லை நடுவிலும் வைக்கலாம், கடைசியிலும் வைக்கலாம். "டேக் ஆஃப் தி டிரஸ்ஸிங்", "டேக் தி டிரஸ்ஸிங் ஆஃப்" (காயத்துக் கட்டைக் கழற்று) இரண்டும் சரி. ஆனால் இட் என்று சொன்னால் நடுவில்தான் வரவேண்டும்: "டேக் இட் ஆஃப்". பேசும்போது நம்மவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான்.

பாஸ் அவுட் பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். நம் ஊர் பயோடேட்டாவில் "பாஸ்ட் அவுட் இன் 2016" என்று கூச்சமில்லாமல் எழுதுகிறோம். இங்கே அதைப் படிப்பவருக்கு முதலில் தோன்றுவது, 2016-இல் மயங்கி விழுந்தார் என்று. பயிற்சி முடிப்பது என்ற பொருளும் அகராதியில் உண்டு. ஆனால் ராணுவம், போலீஸ் பயிற்சிக்குத்தான். கல்லூரிப் படிப்புக்குக் கிராஜுவேட்டட் என்று எழுதிவிடுங்கள்.

குறைகளும் உண்டு. தமிழில் பொருள் கிடையாது. விளக்கங்களைச் சுமார் 2000 எளிய சொற்களுக்குள் எழுதுவது 1978-இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே இவர்கள் வழக்கம், அதனால் டிப்ளமா படித்தவருக்கும் புரியும். ஆனாலும் முதலில் பொறுமை வேண்டும். அடுத்தது வரிசை. ப்ரிங் அப் தேடினால் பேச்சை எடுப்பது, பிள்ளை வளர்ப்பது எல்லாம் முன்னால் வரும். நமக்கு வேண்டிய வாந்தி எடுப்பது என்ற பொருள் கீழே கிடக்கும். வாக்கியங்களைக் குரலில் கேட்கலாம், ஆனால் அது தெளிவான படித்த உச்சரிப்பு. பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசும் யார்க்‌ஷயர் தாத்தாவைப் புரிந்துகொள்ள அது உதவாது.

இதற்குப் பதிலாகப் பேருந்து நிலையக் கடைகளில் விற்கும் கையேடுகளை நான் சிபாரிசு செய்யமாட்டேன். நான் புரட்டிப் பார்த்தவற்றில் கோ ஆஃப் என்றால் வெடித்தல் என்று ஒரே பொருள். அதை நம்பிவந்தால் கெட்டுப்போன பால் வெடித்ததாகத்தான் நினைக்கவேண்டும்.

தேர்வுக்கு என்று கேட்டால், பிரிட்டனின் நர்ஸிங் கவுன்சில் 2017-லிருந்து ஓஇடியையும் ஏற்றுக்கொள்கிறது. அதில் 45 நிமிட எழுத்துப் பகுதியில் கடிதம் எழுதவேண்டும். அங்கே ஃப்ரேசல் வெர்பைக் கொட்டாதீர்கள். வாந்தியை வாமிட்டட் என்றே எழுதுங்கள். பேச்சுப் பகுதியில் ஐந்தைந்து நிமிடமாக இரண்டு ரோல் ப்ளே, அதாவது நர்ஸும் நோயாளியுமாக நடித்துப் பேசுவது. அதில் எதிரே இருப்பவர் நோயாளி, அவரிடம் "டேக் யுவர் ஷர்ட் ஆஃப்" என்றுதான் பேசவேண்டும். எது எங்கே பொருந்தும் என்பதற்கு அகராதி போடும் இன்ஃபார்மல் (சகஜப் பேச்சு), பிரிட்டிஷ் அடையாளங்களைக் கவனியுங்கள். நான் பார்த்தவரை அவற்றை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அச்சுப் புத்தகமும் கிடைக்கிறது. தலையணை கனம். வாங்கினால் வீட்டில் தங்கைக்கோ தம்பிக்கோ வைத்துவிட்டு வாருங்கள், விமானத்தில் அந்த எடைக்கு ஊறுகாய் எடுத்துவரலாம்.