மூன்றாவது சிலிண்டரும் என் 121 கொரோலாவும்

நிலாவெளியில் பழைய 121 கொரோலா ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த மச்சான் கேட்டான்: "கம்ப்ரஷன் 150 காட்டுதாம், எடுக்கலாமா?" கம்ப்ரஷன் என்பது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அழுத்தும் அளவு, psi கணக்கில். நாலு சிலிண்டர் எஞ்சினுக்கு ஒரேயொரு எண்ணைச் சொன்னால் நான் என்ன பதில் சொல்ல? அரைகுறையாக அளந்த கணக்கை நம்பித்தான் போன மாதம் என் எஞ்சினையே இறக்கப் பார்த்தேன்.

என் கார் 2,87,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. கந்தளாய், ஹபரணை வழியாகக் கொழும்புக்குப் போய் வந்ததற்குக் கணக்கே இல்லை. கொஞ்ச நாளாக நிற்கும்போது ஒரு நடுக்கம், ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லீட்டர் ஒயிலும் குறைந்தது. டவுனில் ஒரு கராஜில் விட்டேன். எஞ்சின் சூடாகவில்லை, பற்றரி சோர்ந்திருந்தது, ஆக்சிலரேட்டரை யாரும் மிதிக்கவும் இல்லை. 150, 146, 118, 147 என்று எழுதித் தந்து "ரிங் போயிட்டு" என்றார்கள், அதாவது பிஸ்டனைச் சுற்றி இடைவெளியை அடைக்கும் வளையங்கள் தேய்ந்துவிட்டனவாம். இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது, ஆக்சிலரேட்டரை மிதித்துக் காற்று உள்ளே போக வழி விடாமல் அளந்தால் நல்ல எஞ்சின்கூடக் குறைவாகத்தானே காட்டும்!

அப்புறம் உவர்மலைப் பக்கம் வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனேன். எஞ்சினைச் சூடாக்கி, பற்றரியைச் சார்ஜ் பண்ணி, நாலு பிளக்கையும் கழற்றி, இன்ஜெக்டர் வயர்களையும் பிடுங்கிவிட்டு, என்னை உள்ளே உட்காரவைத்து ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிக்கச் சொன்னார். 184, 180, 148, 181. இந்த எஞ்சினுக்கு டொயோட்டா சொல்லும் அளவு 213, குறைந்தது 156 இருக்கவேண்டும், சிலிண்டர்களுக்கிடையே வித்தியாசம் 14ஐத் தாண்டக்கூடாது. ஆக, குறை மூன்றாவதில் மட்டும்தான். பக்கத்துச் சிலிண்டரும் சேர்ந்து விழுந்திருந்தால் சிலிண்டர்களுக்கு மேலே ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகித்திருக்கலாம். பிளக் ஓட்டைக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அடித்தார். ரிங் தேய்ந்திருந்தால் அந்த ஒயில் இடைவெளியை அடைத்து முள்ளை நன்றாக ஏற்றிவிடும். எனக்கு 151தான் வந்தது.

"ரிங் இல்ல தம்பி, வால்வு" என்றார்.

வால்வு கவரைத் திறந்தால், புகை வெளியேறும் எக்ஸோஸ்ட் பக்கம் கேம்ஷாஃப்டுக்கும் டெபட்டுக்கும் (வால்வின் தலையில் இருக்கும் சின்னக் கிண்ணம்) இடையிலான இடைவெளி 0.12 மில்லிமீட்டர். 0.25க்கும் 0.35க்கும் இடையில் இருக்கவேண்டியது, அதனால் சூடேறினால் வால்வு சரியாக மூடுவதில்லை. இதில் திருகிச் சரிசெய்ய ஸ்க்ரூ கிடையாது, கேம்ஷாஃப்டைக் கழற்றி மெல்லிய டெபட் போடவேண்டும். ஒன்றரை நாள் வேலை. பிறகு அளந்தபோது 177. கன்னியாச் சந்தியில் வண்டியை நிறுத்தி ஸ்டியரிங்கில் கை வைத்துப் பார்த்தேன், அசைவே இல்லை. அவ்வளவு சந்தோஷம்!

ஆனால் ஒயில் குடிப்பது மட்டும் நிற்கவில்லை. ரிங்குகளைப் பொறுத்தவரை கம்ப்ரஷன் கேஜ் மேலே இருப்பவற்றின் நிலையைத்தான் சொல்லும், கீழே இருக்கும் ஒயில் ரிங் கரி பிடித்து இறுகியிருந்தால் அதில் தெரியாது. மச்சானிடம் நாலு எண்ணையும் கேட்டு வா, அளக்கும்போது பக்கத்தில் நில், டிப்ஸ்டிக்கையும் இழுத்துப் பார் என்று சொல்லிவிட்டேன். என்னைக் கேட்டால், இவ்வளவு நல்ல எஞ்சினாக இருந்தும் இன்றைக்கு யாராவது நியாயமான விலை சொன்னால் கொடுத்துவிடுவேன். ஒவ்வொரு வளைவிலும் டிக்கிக்குள் ஒயில் கேன் உருளும் சத்தம் அவ்வளவு சலித்துவிட்டது.