லீவில் வி.கே.புரம்: வீடு தேடி வந்தவர்களும் அலையவிட்டவர்களும்

கத்தாரில் நர்ஸ் வேலை எனக்கு. ஆஸ்பத்திரி ரோஸ்டர் எப்போது இடம் கொடுக்கிறதோ அப்போதுதான் ஊர். அதனால் லீவில் ஒவ்வொரு பகலும் எந்த வேலைக்குப் போகிறது என்பதில் கவனமாக இருப்பேன். அம்மா வி.கே.புரம் என்கிற விக்கிரமசிங்கபுரத்தில் தனியாக இருக்கிறார், வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவரைப் போன்றவர்களை ஊரில் விட்டுவிட்டு வெளியே இருக்கிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்த முறை மனசு நிறைந்தது தபால்காரரால். அப்பா மில் தொழிலாளி, அவர் போன பிறகு அம்மாவுக்கு பிஎஃப் விதவை பென்ஷன் வருகிறது. வருஷத்துக்கு ஒரு தடவை உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் அதற்காக அம்மா வெயிலில் பஸ் ஏறிப் போய் நிற்பார். இப்போது தபால் துறையின் பேமெண்ட்ஸ் வங்கி வழியாக, தபால்காரரே வீட்டுக்கு வந்து ஜீவன் பிரமாண் என்கிற டிஜிட்டல் உயிர்வாழ் சான்றிதழை எடுத்துக் கொடுக்கிறார். திண்ணையில் உட்கார்ந்து கருவியை எடுத்து வைத்தார், அம்மா விரலை வைத்தார், ரேகை விழவில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், அடுத்த கை என்று மாற்றி மாற்றி வைத்தும் ஒன்றும் நடக்கவில்லை. எப்படி விழும்? எங்களைப் படிக்க வைக்க இதே திண்ணையில் சுளகை மடியில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்காகப் பீடி சுற்றிய விரல்கள் அவை. இலையை மடித்து மடித்தே நுனி வழவழவென்று ஆகிவிட்டது.

"பரவாயில்ல ஆச்சி, மொகத்த வச்சு எடுத்துருவோம்" என்று போனை எடுத்தார் தபால்காரர். போட்டோ என்றதும் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். நல்ல சேலை கட்டி, திருநீறு பூசி, வெளியே வர நேரமாயிற்று. அந்த மனுஷர் ஒரு வார்த்தை சொல்லாமல் காத்திருந்தார். அம்மா உட்கார்ந்து கண்ணைச் சிமிட்டியதும் வேலை முடிந்தது. இந்த முகப்பதிவு வசதி 2021 நவம்பரிலேயே வந்துவிட்டது, ரேகை தேய்ந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் நேராக அதையே கேளுங்கள்.

சான்றிதழ் இவ்வளவு சுலபமாகிவிட்டது, சந்தோஷம். ஆனால் குறைந்தபட்ச பென்ஷன் மாதம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் வைத்தது. அந்தத் தொகையில் இன்று என்ன வாங்க முடியும்? அப்பா நைட் ஷிப்ட் முடிந்து வந்து பகலில் தூங்கும்போது வீட்டில் ரேடியோ கிடையாது, நாங்கள் சைகையில்தான் பேசிக்கொள்வோம். இப்போது நானும் நைட் டியூட்டி முடிந்து திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுக்கிறவள், அந்தத் தூக்கத்தின் அருமை எனக்குத் தெரியும். அப்படி உழைத்த மனுஷரின் குடும்பத்துக்கு இது போதவே போதாது. அம்மா இன்னமும் அப்பாவின் காலை ஷிப்டுக்கு மில் சங்கு ஊதிய நேரத்துக்கு எழுந்து காபி போட்டுவிடுகிறார். வேண்டாம் என்று சொன்னாலும் கேட்பதில்லை.

பஸ் விஷயம் சொல்லியே ஆக வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. இது அம்மாவை எவ்வளவு மாற்றியிருக்கிறது என்று கூடவே போனபோதுதான் பார்த்தேன். அமாவாசைக்குப் பாபநாசம் போய்த் தாமிரபரணியில் முங்கி எழுகிறார், காய் வாங்க அம்பைக்குப் போகிறார், யாரிடமும் காசு கேட்பதில்லை. பிரஷருக்கும் சுகருக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஓர் அக்கா வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். நர்ஸ் என்ற முறையில் அவர் குறித்து வைத்திருந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன், பிரஷர் அளவெல்லாம் தேதிவாரியாக ஒழுங்காக இருந்தது.

அலையவிட்டது ஒரு வங்கிக் கிளை. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் ஊரில் வைத்துக்கொள்ளும் என்ஆர்ஓ கணக்குக்கு கேஒய்சி, அதாவது அடையாள, முகவரி விவரங்களை, புதுப்பிக்கப் போனேன். பாஸ்போர்ட் நகல் கேட்டார்கள், கொடுத்தேன். அப்புறம் குடியிருப்பு அனுமதி அட்டை, இன்னொரு நாள் வெளிநாட்டு முகவரிக்குச் சான்று, அதற்கும் அடுத்து எல்லா நகலிலும் கையெழுத்து. முழுப் பட்டியலையும் முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். இத்தனை பகல் அம்மாவோடு இருந்திருக்கலாமே என்று ஆத்திரமாக வந்தது. ஆகவே பான் அட்டை உட்பட எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து, கையெழுத்தும் போட்டே கொண்டு போங்கள். கணக்கு சரியானதும் கத்தார் நம்பரிலேயே யுபிஐ வேலை செய்தது. 2023இல் முதலில் அனுமதித்த பத்து நாடுகளில் கத்தாரும் உண்டு, சிங்கப்பூர், ஓமன், அமீரகம், கனடாவும் உண்டு.

பிஎஃப் பென்ஷன்காரர்கள் நவம்பருக்காகக் காத்திருக்க வேண்டாம், எந்த மாதமும் சான்றிதழ் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருஷம் செல்லும். தபால்காரர் வரும்போது ஆதார், பிபிஓ எண் (பென்ஷன் உத்தரவு எண்), வங்கிக் கணக்கு எண், ஓடிபி வருகிற போன் நான்கையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.