கிராவல் சைக்கிளும் திருச்சியைச் சுற்றியுள்ள கரைச் சாலைகளும்: சில ஆண்டு அனுபவம்

கார் ஹாரன் காதில் விழாமல் ஐம்பது அறுபது கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்க மலைப்பக்கம்தான் போக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். திருச்சியில் குடியிருப்பவர்களுக்கு அந்தச் செலவு தேவையில்லை. முக்கொம்பிலிருந்து கல்லணை வரையிலும், அதைத் தாண்டித் தஞ்சாவூர்ப் பக்கமும், ஆற்றையும் வாய்க்காலையும் ஒட்டியே கரை ஓடுகிறது. வெள்ளக் காலத்தில் மணல் மூட்டையோடு விரைந்து போகவும், மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் சுற்றி வரவும் அதன் மேல் ஒரு ஜீப் அகலத்துக்கு வழி விட்டிருக்கிறார்கள். சில இடங்களில் தார் போட்டாயிற்று. மற்ற இடங்களில் கிராவல் மண், கப்பி, புல் முளைத்த மண் தடம். சைக்கிள்காரர்களை நினைத்து யாரும் போட்ட வழி இல்லை இது. அதனால் இதன் நிபந்தனைகளுக்கு நாம்தான் பழகிக்கொள்ள வேண்டும்.

என்னுடையது அலுமினியச் சட்டம், கார்பன் ஃபோர்க், முன்னால் ஒரே பல்சக்கரம், கேபிள் இழுக்கும் டிஸ்க் பிரேக் என்று நடுத்தரமான கிராவல் சைக்கிள். கைப்பிடி ரேஸ் சைக்கிளைப் போல வளைந்திருக்கும். டயர் அதைவிடத் தடிமன். கரையில் எதிர்ப்படுபவர்கள் முதலில் கேட்பது விலையைத்தான். சொன்னால், "இந்தக் காசுக்கு ஒரு டிவிஎஸ் எக்ஸெல் வாங்கியிருக்கலாமே தம்பி" என்பார்கள். அதில் நியாயம் உண்டு. முன்னால் உர மூட்டை, பின்னால் புல்லுக்கட்டு, நடுவில் ஆள் என்று இதே கரையில் ஆண்டு முழுவதும் ஓடுவது எக்ஸெல்தான். டெல்டாவின் உண்மையான கிராவல் வண்டி அதுவே என்பதை ஒப்புக்கொண்டு மேலே போகிறேன்.

இந்த வண்டியில் பணம் போட வேண்டிய இடம் டயர். கடையிலிருந்து வந்தபோது 38 மில்லிமீட்டர் டயர் இருந்தது. தேய்ந்ததும் 45-க்கு மாறினேன். மாற்றம் முதல் நாளே முழங்கையில் தெரிந்தது. நான் எழுபது கிலோவுக்குச் சற்று மேல். முன்னால் 28, பின்னால் 32 பிஎஸ்ஐ காற்று வைக்கிறேன். அதற்கு மேல் அடித்தால் கப்பியில் வண்டி துள்ளுகிறது. கீழே போனால் மதகுப் பாலத்தின் சிமென்ட் விளிம்பில் ரிம் இடிக்கிறது.

டியூப்லெஸ் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேறு ஊரில் எப்படியோ, இங்கே அது இல்லாமல் கரை ஏறாதீர்கள். கோடையில் நெருஞ்சி காய்ந்து கரை முழுவதும் கிடக்கும். சீமைக் கருவேலத்தை வெட்டி ஓரமாகப் போட்டிருப்பார்கள். ஆடு மேய்ப்பவர்கள் இழுத்துப் போன கிளையிலிருந்து முள் தடமெங்கும் உதிர்ந்திருக்கும். டியூப் போட்ட வண்டியில் வந்த நண்பர் ஒருவர் பூதலூர் தாண்டுவதற்குள் ஒட்டுவதற்குப் பசையில்லாமல் நின்றார். டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றும் சீலன்ட் திரவம் இந்த முள் ஓட்டைகளை அந்தந்த நொடியிலேயே அடைத்துவிடுகிறது. குத்திய முள் டயரோடு ஒட்ட ஒடிந்திருந்தால் பிடுங்காமல் வீட்டுக்கு வாருங்கள்; அதுவே அடைப்பாக நிற்கும். நம் வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காய்ந்துபோகிறது. ஏப்ரல், மே மாதங்களில் டயரைக் குலுக்கினால் உள்ளே சளசளப்பு கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ஊற்றும் வேளை வந்துவிட்டது. இன்னொன்று: ஊர்ப்புறப் பஞ்சர் கடைகளில் இருக்கும் காற்றுக் குழாய் நம் மெல்லிய பிரெஸ்டா வால்வில் பொருந்தாது. நகம் அளவுக்கு ஒரு பித்தளை அடாப்டர் கிடைக்கிறது. அதை வாங்கி வால்விலேயே திருகி வைத்துவிடுங்கள்.

அதிகம் ஓட்டியது புது ஆற்றங்கரையில். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடத்தோடு நான்காவதாகப் பிரிகிற கல்லணைக் கால்வாயைத்தான் எங்கள் பக்கம் புது ஆறு என்கிறோம். மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்த்து 1934-இல் முடித்தது. கரிகாலன் அணைக்குப் பக்கத்தில் அது புதுசுதான். மற்ற ஆறுகள் பள்ளம் பார்த்து ஓட, இது மேட்டு நிலத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே போகும்படி வெட்டப்பட்டது. சைக்கிளில் போகும்போதுதான் அதன் பொருள் புரியும். இடப்பக்கம் கண்ணுக்கு எட்டும்வரை நெல் வயல். வலப்பக்கம் வல்லத்தை நெருங்க நெருங்கச் செம்மண் மேடு, பனை, முந்திரி. நடுவில் இருக்கும் கரையில் நாம். ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது, எதிர்க்காற்றுதான் மலை. ஆடி மாதம் மேற்குக் காற்றில் திருச்சிக்குத் திரும்பி மிதித்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தஞ்சாவூரில் இந்தக் கால்வாய் பெரிய கோயிலுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. அங்கே போக்குவரத்து வந்துவிடும். காபி குடித்துவிட்டுத் திரும்பலாம்.

2021-இல் கால்வாயின் சீரமைப்பு வேலை தொடங்கி, பக்கச் சுவரிலும் தரையிலும் கான்கிரீட் போட்டார்கள். தரைக்கும் சிமென்ட் பூசினால் நிலத்தடியில் தண்ணீர் எப்படி ஊறும் என்று விவசாயிகள் எதிர்த்தார்கள். என் கவலை அவ்வளவு பெரிதல்ல என்றாலும் சொல்கிறேன்: லாரிகள் ஓடிய இடங்களில் கரை முழுக்கப் பள்ளமும் புழுதியுமாகி, பிறகு கிராவல் கொட்டி ரோலர் ஓட்டிய பகுதிகள் முன்னைவிட நன்றாகிவிட்டன. ஆனால் நிழல் தந்த மரங்கள் சில இடங்களில் இல்லை.

எப்போது ஓட்டலாம் என்பதை நாட்காட்டி முடிவு செய்வதில்லை, தண்ணீர் முடிவு செய்கிறது. மேட்டூரை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது மரபு. அந்தத் தண்ணீர் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகான முதல் சில வாரங்கள் அருமை: கரை காய்ந்திருக்கும், பக்கத்தில் நுரை தள்ளிக்கொண்டு ஆறு போகும். நடவு தொடங்கியதும் கதை மாறுகிறது. கூண்டுச் சக்கரம் மாட்டிய டிராக்டர் வயலிலிருந்து ஏறி வந்தால் கரை முழுக்கக் களி. அந்தக் கருங்களி டயரில் ஒட்டினால் உதிராது. ஃபோர்க்குக்கும் டயருக்கும் இடையில் அப்பிக்கொண்டு சக்கரத்தையே நிறுத்திவிடும். வண்டி வாங்கும்போது எடையைப் பார்ப்பதைவிட, டயருக்கும் சட்டத்துக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழைகிறதா என்று பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரை உடைப்பு இருக்கலாம், நான் போவதில்லை. தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கினால் மறுபடி திருவிழா. அறுவடை இயந்திரங்கள் வேலை செய்ய, வழியெல்லாம் நெல் காய வைத்திருப்பார்கள். காய்கிற நெல் மேல் ஏற்றக்கூடாது. இறங்கித் தள்ளிக்கொண்டு போக ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தில் கிடைக்கும் மரியாதை அடுத்த முறை தண்ணீர் கேட்கும்போது உதவும்.

பச்சை அலுத்தால் வடக்கே போக வேண்டும். வாத்தலையில் காவிரியிலிருந்து பிரியும் புள்ளம்பாடி வாய்க்காலின் கரையைப் பிடித்தால் முதலில் வாழை, கரும்பு, அப்புறம் புஞ்சைக் காடு, மக்காச்சோளம், பருத்தி என்று நிலம் ஒவ்வொன்றாக மாறும். வாய்க்கால் அரியலூர்ப் பக்கம் போகிறது. அங்கே சுண்ணாம்புக்கல் பூமி. உடைந்த கல்லின் விளிம்பு கத்திதான். டயரின் பக்கவாட்டைக் கிழிக்கும், சீலன்ட் அதற்கு உதவாது. உள்ளே வைக்கப் பழைய டயர் துண்டு ஒன்றைப் பையில் வைத்திருக்கிறேன்.

இந்தத் திசையில் என் மனதுக்குப் பிடித்த இடம் பெரம்பலூர் மாவட்டத்துக் காரை. ஊரைத் தாண்டியதும் நிலம் திடீரென்று அரித்தெடுக்கப்பட்டு, மரமே இல்லாத வெளிர்மஞ்சள் ஓடைகளாகவும் முகடுகளாகவும் கிடக்கிறது. ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இது கடலடி. களிமண்ணுக்குள் ஜிப்சம் படலங்கள் கண்ணாடிச் சில்லு போல மினுங்கும். குனிந்து பார்த்தால் துப்பாக்கித் தோட்டா வடிவில், கணவாய் மீனுக்கு உறவான, அழிந்துபோன பெலம்னைட் என்ற கடல் உயிரிகளின் உள்கூட்டுத் துண்டுகள் கிடக்கும். அம்மோனைட் என்ற இன்னொரு பழங்கடல் உயிரியின் ஓட்டுச் சுருள் பதிந்த கல்லும் இருக்கும். எடுத்துக்கொண்டு வராதீர்கள். வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு பையை நிரப்பினால் அந்த இடத்தில் மிச்சம் என்ன இருக்கும்? ஓட்டுவதற்கு ஓடைகளுக்குள் இறங்க வேண்டாம். மேலே ஆட்டுத் தடங்கள் போதும். பொடி மண்ணில் பின்சக்கரம் நழுவும், எடையைப் பின்னுக்குத் தள்ளி உட்கார வேண்டும். நிழல் சுத்தமாகக் கிடையாது. மழை பெய்த இரண்டு நாளைக்கு அந்தப் பக்கமே எட்டிப்பார்க்க வேண்டாம்; களி ஊறிக் காலை விடாது. சாத்தனூர்க் கல்மரமும் இதே மாவட்டத்தில்தான். பதினெட்டு மீட்டர் நீளத்துக்கு மரம் கல்லாகிப் படுத்திருக்கிறது. ஆனால் அதற்குப் போகிற வழி தார்ச்சாலை.

தெற்கே நார்த்தாமலைப் பக்கம் தைல மரத் தோப்புகளுக்கு நடுவே செம்மண் தடங்கள் இருக்கின்றன. உதிர்ந்த இலைக்கு அடியில் கல் ஒளிந்திருக்கும் என்பதைத் தவிரப் புகாருக்கு இடமில்லை. மொட்டைப் பாறை மேல் விஜயாலய சோழீஸ்வரம் இருக்கிறது. அடிவாரத்தில் வண்டியைப் பூட்டிவிட்டு நடந்து ஏற வேண்டும். தஞ்சாவூர் வழியாக வருபவர்கள் ஆதனக்கோட்டையில் வறுத்த முந்திரி வாங்கிக்கொள்ளலாம். பையில் வைத்து வரும் ஊட்டச்சத்துப் பாக்கெட்டைவிட ருசி, விலையும் குறைவு.

வண்டியின் மற்ற பாகங்களைப் பற்றிச் சுருக்கமாக. கொள்ளிடத்து மணல் சங்கிலியைத் தின்கிறது. எண்ணெய் போட்டால் மணல் அதில் ஒட்டி உப்புத்தாள் போல அரைக்கும். மெழுகு வகைக்கு மாறிய பிறகு சங்கிலி கூடுதல் காலம் வருகிறது. மழைக்காலத்தில் மட்டும் அது நிற்பதில்லை. பெடல் அச்சின் பேரிங் வாய்க்கால் தண்ணீரில் இறங்கி ஏறியதில் கிறீச்சிட ஆரம்பித்து, மாற்ற வேண்டியதாயிற்று. கேபிள் பிரேக்கைக் குறைத்துப் பேசுகிறார்கள். அறுகோணச் சாவி (ஆலன் கீ) ஒன்று இருந்தால் ஆலமரத்தடியில் உட்கார்ந்து சரிசெய்துவிடலாம். எண்ணெய் பிரேக்கில் கோளாறு வந்தால் பாகம் வெளியூரிலிருந்து வரும்வரை வண்டி சுவரில் சாய்ந்திருக்கும். பின்னால் 42 பல் சக்கரம் இந்தச் சமவெளியில் அலங்காரத்துக்குத்தான். மணி கட்டாயம். எருமை, ஆடு, கரையில் துணி துவைத்துவிட்டு ஏறி வருபவர்கள், எல்லோருக்கும் பின்னாலிருந்து சத்தமில்லாமல் வரும் வண்டி ஒரு தொல்லை.

போக்குவரத்தே இல்லை என்று சொன்னால் பொய். கொள்ளிடக் கரையில் மணல் அள்ளும் காலத்தில் லாரி வரும். அந்த வாரங்களில் வேறு பக்கம் போய்விடுகிறேன். செங்கல் சூளை நாய்கள் தனி இனம். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் விட்டுவிடும். விடியற்காலையில் தண்ணீர் ஓரம் புல்லில் கால் வைக்கும் முன் பாருங்கள், விரியன் உண்டு. செயற்கைக்கோள் படத்தில் தெளிவாகத் தெரியும் கரை, நேரில் போனால் சீமைக் கருவேலம் மூடிக் கிடக்கும். லஸ்கரையோ டீக்கடைக்காரரையோ கேட்பதே சரி. "அந்தப் பக்கம் வண்டி போகாதுங்க" என்று அவர்கள் சொன்னால் எக்ஸெலே போகாது என்று அர்த்தம்.

வாங்கலாமா என்று கேட்டால்: வாரம் ஒரு முறை கல்லணை வரை போய் வருவதுதான் திட்டம் என்றால் வேண்டாம். வீட்டில் இருக்கும் பழைய மலை சைக்கிளுக்கு (எம்டிபி) குமிழ் இல்லாத மெல்லிய டயரும் சீலன்ட்டும் போட்டால் அந்தக் காரியம் நடக்கும். ஒரே நாளில் தார், கப்பி, மணல் மூன்றிலுமாக நூறு கிலோமீட்டருக்கு மேல் போகிற ஆசை இருந்தால் மட்டும் கிராவல் சைக்கிள் தன் விலைக்கு நியாயம் செய்கிறது. வெளியூரிலிருந்து வருபவர்கள் தை மாதக் கடைசியில் வாருங்கள். ஐந்து மணிக்குக் கிளம்பினால் பத்து மணி வெயிலுக்கு முன் தஞ்சாவூர். 28 மில்லிமீட்டர் டயர் போட்ட ரேஸ் சைக்கிளை மட்டும் கொண்டுவராதீர்கள். பூதலூரிலிருந்து அதைத் தள்ளிக்கொண்டு வர எனக்குத் தெம்பில்லை.