திரை தேவைப்படாதவன் வாங்கிய கேமிங் லேப்டாப்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் காரணங்களுக்கு வரலாம். நான் வாங்கியது 15.6 அங்குல கேமிங் லேப்டாப். ஆர்டிஎக்ஸ் 4050 கிராஃபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம், 1 டிபி எஸ்எஸ்டி, விலை 90 ஆயிரத்தை ஒட்டி. எனக்குப் பார்வை அறவே கிடையாது. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருவேன், பிடித்துக்கொண்ட ஒன்று கீபோர்டுக்காக. மாடல் பெயரைச் சொல்லப்போவதில்லை, ஆறு மாதம் கழித்துப் போனால் அந்த மாடலே கடையில் இருக்காது. எதைத் தடவிப் பார்க்க வேண்டும், எதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பது எந்த மாடலுக்கும் பொருந்தும்.

"பார்வை இல்லாதவங்களுக்கு எதுக்கு சார் கிராஃபிக்ஸ் கார்டு?" என்று கணினிக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடைப் பையன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆடியோ கேம் மட்டும் ஆடுகிறவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம். 'தி வேல்', 'எ பிளைண்ட் லெஜண்ட்' எல்லாம் ஒலியை மட்டும் நம்பிச் செய்தவை, சாதாரண ஆபீஸ் லேப்டாப்பே போதும். 'ஸ்டார்டியூ வேலி'யை 'ஸ்டார்டியூ ஆக்சஸ்' மாட் (கேமோடு சேர்க்கும் கூடுதல் மென்பொருள்) போட்டு ஆடுகிறவர்களுக்கும் அப்படித்தான். ஆனால் 2020-ல் பிளேஸ்டேஷனுக்கு வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' 60-க்கும் மேற்பட்ட அணுகல் வசதிகளோடு வந்தது. கண் தெரியாத ஒருவர் பக்கத்தில் யாரும் உட்காராமல் ஒரு பெரிய பட்ஜெட் கேமை முதலிலிருந்து கடைசி வரை ஆடலாம் என்ற நிலை அதோடுதான் வந்தது. 2023-ல் 'பார்ட் 1' கணினிக்கு வந்தது. அதற்குக் குறைந்தபட்சம் 16 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியில் 100 ஜிபி இடமும் கேட்கிறார்கள். அதே வருடம் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6', எதிராளி எவ்வளவு தூரத்தில் நிற்கிறான் என்பதை ஒலியால் சொல்வது. அக்டோபரில் 'ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட்', வளைவு வருவதையும் சாலையின் ஓரம் நெருங்குவதையும் காதில் சொல்லி, பார்வையற்றவர் கார் ஓட்டும் அளவுக்கு யோசித்துச் செய்தது.

இந்த மாதிரி கேம்கள் நான் பார்க்கிறேனா இல்லையா என்று பார்ப்பதில்லை. படத்தை வரைந்துகொண்டேதான் இருக்கும், வரையாதே என்று சொல்ல எந்த மெனுவிலும் வழியில்லை. அதனால் கார்டு வேண்டும். ஆனால் விளம்பரம் சொல்லும் அளவுக்கு வேண்டாம். ரெசல்யூஷனை 720-க்கு இறக்கி, நிழல், பிரதிபலிப்பு, புல் பூண்டு எல்லாவற்றையும் குறைந்த அளவில் வைத்து, ஃபிரேம் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை படம் வரைய வேண்டும் என்பதை, 30-ல் கட்டிப்போட்டால் 6 ஜிபி நினைவகம் உள்ள 4050 தாராளமாகப் போதும். சண்டை கேம்களுக்கு மட்டும் 60 வைக்கிறேன். அதைவிட வலுவான 4070-க்குப் போகிற பணம் கண் தெரிந்தவர்களுக்குத்தான் பயன்படும். 165 ஹெர்ட்ஸ் திரைக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்தேன், அது இல்லாமல் தனியாகத் தரமாட்டார்கள். அந்தத் திரையை, என்விடிஏ-வின் (திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் இலவசத் திரைவாசிப்பான் மென்பொருள்) ஸ்கிரீன் கர்ட்டனைப் போட்டு எப்போதும் கறுப்பாகவே வைத்திருக்கிறேன்.

படத்தைக் குறைப்பதால் எனக்கு உண்மையான லாபம் ஃபேனில். கேமிங் லேப்டாப்பின் ஃபேன் முழு வேகத்தில் சுற்றினால் பக்கத்து வீட்டு மிக்ஸி மாதிரி இருக்கும். கண்ணால் ஆடுகிறவர்களுக்கு அது வெறும் தொந்தரவு. எனக்கோ, இடது பின்பக்கம் ஒருவன் மெதுவாக நடந்து வரும் சத்தத்தை அது தின்றுவிடுகிறது, தின்றால் நான் செத்தேன். யூடியூப் ரிவ்யூக்களில் எத்தனை ஃபிரேம் வருகிறது என்று அரை மணி நேரம் பேசுவார்கள், எத்தனை டெசிபல் என்பதை ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். நான் அந்த ஒரு வரிக்காக வீடியோ முழுவதையும் கேட்பேன். கடையில் வைத்துச் சோதிக்கலாம் என்றால் ரிச்சி தெரு இரைச்சலில் ஒன்றும் கேட்காது. காலையில் கடை திறந்த உடனே போய், ஏதாவது ஒரு கேமைக் கால் மணி நேரம் ஓடவிட்டுக் காதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெப்பக்காற்று எந்தப் பக்கம் வருகிறது என்பதையும் கையால் பாருங்கள், வலப்பக்கம் வந்தால் மவுஸ் பிடிக்காத நமக்குக் கவலையில்லை.

இனி கீபோர்டு. லேப்டாப்பில் நான் நாள் முழுவதும் தொடுகிற ஒரே பொருள் இதுதான், கடைக்காரர்கள் அதன் ஆர்ஜிபி வண்ண விளக்கைத் தவிர இதைப் பற்றி ஒன்றும் பேசமாட்டார்கள். நம்பர் பேட் கட்டாயம் வேண்டும். என்விடிஏ-வின் டெஸ்க்டாப் அமைப்பில் 7, 8, 9 மூன்றும் வரி வரியாகவும், 4, 5, 6 வார்த்தை வார்த்தையாகவும், 1, 2, 3 எழுத்து எழுத்தாகவும் படிக்கும்; அதற்குப் பழகிய விரலுக்கு 14 அங்குல லேப்டாப் கையொடிந்த மாதிரி. என்விடிஏ கட்டளைகளுக்குப் பிடித்துக்கொள்ளும் இன்செர்ட் பட்டன் தனியாக இருக்கிறதா, எஃப்என் சேர்த்து அழுத்த வேண்டுமா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கேப்ஸ் லாக்கை என்விடிஏ பட்டனாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதை ஏற்கெனவே வேறு வேலைக்கு எடுத்துக்கொண்ட கேம்களில் இரண்டும் மோதும். அம்புக்குறிப் பட்டன்கள் முழு அளவில், மற்றவற்றிலிருந்து கொஞ்சம் விலகி இருப்பது பெரிய வரம். லெனோவோவின் லிஜியன் வகைகளில் அப்படி அமைத்திருக்கிறார்கள், தொட்டதும் பிடித்தது, பட்ஜெட்தான் பிடிக்கவில்லை. ஏசூஸ் டஃப் வகைகளில் எஃப் வரிசைக்கு (எஃப்1 முதல் எஃப்12 வரை) மேலே ஒலி கூட்டவும் குறைக்கவும் தனிப் பட்டன்கள் உண்டு, அதுவும் நல்ல யோசனை.

நான் வாங்கியதில் நம்பர் பேட் இருக்கிறது, ஆனால் ஒல்லி. பவர் பட்டன் அதன் தலைமாட்டிலேயே இருக்கிறது. சண்டை மும்முரத்தில் விரல் ஒரு வரிசை மேலே போனால் லேப்டாப் தூங்கிவிடும். விண்டோஸ் பவர் அமைப்பில் அந்தப் பட்டனை அழுத்தினால் எதுவும் செய்யாதே என்று மாற்றினேன், தொல்லை தீர்ந்தது. அந்த ஒரு நட்சத்திரம் இங்கேதான் போனது. 2024-லிருந்து வருகிற பல லேப்டாப்புகளில் வலது கன்ட்ரோல் அல்லது மெனு பட்டன் (வலது கிளிக் பட்டியலைத் திறப்பது) இருந்த இடத்தில், மைக்ரோசாஃப்டின் ஏஐ உதவியாளரைத் திறக்கும் கோபைலட் பட்டன் வந்துவிட்டது. மெனு பட்டனை நம்பி வாழ்கிற திரைவாசிப்பான் பயனர்கள் ஷிஃப்ட்டும் எஃப்10-ம் சேர்த்து அழுத்தப் பழகிக்கொள்ள வேண்டியதுதான். எஃப் வரிசையே தொடு பட்டன்களாக இருப்பதைத் தவிர்த்துவிடுங்கள். 2022-ல் வந்த டெல் எக்ஸ்பிஎஸ் 13 பிளஸ் அப்படிப்பட்டது. தடவித் தேடுகிற விரலுக்கு அது வெறும் கண்ணாடி, தேடும்போதே அழுத்தியும் தொலைக்கும்.

ஒலி விஷயத்தில் இரண்டே சோதனை. 3.5 மிமீ ஹெட்ஃபோன் துளை இருக்க வேண்டும், புளூடூத் வேண்டாம். புளூடூத்தில் சத்தம் தாமதமாக வரும், போதாக்குறைக்குத் திரைவாசிப்பான் படிக்கும் வாக்கியத்தின் முதல் அசையையும் விழுங்கிவிடும். சில லேப்டாப்புகளில் மின்சாரம் மிச்சம் பிடிக்க ஒலிச் சில்லே அவ்வப்போது தூங்கிப்போவதால் வயர் போட்டாலும் இதே கதைதான். திரைவாசிப்பானை ஓடவிட்டு, சில நொடி சும்மா இருந்து, ஒரு அம்புக்குறியை அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டாவது, கூடவே வருகிற 'சரவுண்ட்' மென்பொருளை அணைக்க முடிகிறதா என்று பாருங்கள். கேமே இரண்டு காதுக்கும் கணக்குப் பார்த்து ஒலியைப் பிரித்து அனுப்பும்போது, அதன் மேல் இது இன்னொரு தடவை பிரித்தால் எதிரே நிற்பவன் எங்கோ மாடியில் நிற்பான்.

கடையில் திரைவாசிப்பான் இல்லையே என்று தயங்க வேண்டாம். விண்டோஸ், கன்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸிலேயே இருக்கும் திரைவாசிப்பானான நரேட்டர் பேசும், புது லேப்டாப்பை முதல் தடவை திறந்து அமைக்கும்போதும் பேசும். என்விடிஏ-வின் போர்ட்டபிள் (நிறுவாமலே ஓடும்) நகலைப் பென் டிரைவில் கொண்டுபோனால் இன்னும் நல்லது. நான் கொண்டுபோனேன், "இதை ஆஃப் பண்ணுங்க சார், கஸ்டமர்லாம் திரும்பிப் பாக்குறாங்க" என்றான் பையன். அப்புறம் அவனே, இது தமிழ் படிக்குமா என்று கேட்டு ஒரு செய்தித் தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டான். என்விடிஏ-வோடு வரும் ஈஸ்பீக் குரல் படித்த தமிழ் அவனுக்குப் பிடிக்கவில்லை. எனக்கும்தான் பிடிக்காது, ஆனால் வேகமாகப் படிக்கும்.

யாராலும் தீர்க்க முடியாத ஒன்று இருக்கிறது. தயாரிப்பாளர்கள் கூடவே போட்டுத் தருகிற கட்டுப்பாட்டு மென்பொருளில் என்விடிஏ "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு போகும், எந்தப் பட்டன் என்று தெரியாது. ஃபேன் வேகத்தை மாற்றக் குறுக்குவிசை இருந்தாலும், மாறியதை ஒரு விளக்கின் நிறம்தான் சொல்லும் என்றால் என்ன செய்வது? நான் ஃபேன் சத்தத்தைக் கேட்டே கண்டுபிடிக்கிறேன். விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கிற பயாஸ் அமைப்புக்குள் போனால் எந்தத் திரைவாசிப்பானும் பேசாது, அங்கே கண் தெரிந்த ஒருவரோ, போனில் வீடியோ அழைப்போ வேண்டும். வாங்கும் அன்றே கடையில் உட்கார்ந்து பயாஸில் மாற்ற வேண்டியதை மாற்றிக்கொண்டு வந்துவிடுங்கள், எஃப்என் பட்டன் அமைப்பு உட்பட.

கொஞ்சம் பார்வை உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பாதி தலைகீழாகும். அவர்களுக்குத் திரைதான் முதல் செலவு: பளபளக்காத மேட் திரை, 16 அங்குலமோ அதற்கு மேலோ, வெளிச்சம் நன்றாகக் கூட்டக்கூடியது. திரையைப் பெரிதாக்கிக் காட்டும் மேக்னிஃபையரைப் போட்டுக்கொண்டு கேம் ஆடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கேம் முழுத்திரையில் ஓடும்போது எல்லாவற்றிலும் அது ஒழுங்காக வேலை செய்யாது. எல்லோருக்கும் பொதுவாக, ரேமும் எஸ்எஸ்டியும் பிறகு கூட்ட காலி இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். நான் மிச்சப்படுத்திய பணத்தில் காதை முழுக்க மூடுகிற ஒரு வயர் ஹெட்ஃபோன் வாங்கினேன், அதற்கு ஐந்துக்கு ஐந்து.