தபால்காரர் வராத தபால் ஓட்டும், நேரத்துக்கு வராத குறுஞ்செய்தியும்

கைப்பேசியில் ஒரு செய்தி வந்து கிடக்கிறது: “எங்கள் கொரோனா பரிசோதனைச் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?” 2021 மே மாதக் கடைசி, தளர்வில்லாத ஊரடங்கு, கையில் வேலையும் இல்லை. கேட்டவர்களுக்கு மட்டும் பதில் எழுதுவானேன்? ஏப்ரலில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் எங்கள் வீட்டில் நான்கு சேவைகளைப் பயன்படுத்தினோம். நான்கையும் பற்றி எழுதிவிடுகிறேன். பரிசோதனைக்கூடத்தின் பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன். அங்கே மாதிரி எடுக்க வந்த பையன் நல்லவன்.

நான் கும்பகோணத்துக்காரன், சப் போஸ்ட்மாஸ்டராக ஓய்வுபெற்றவன். 36 ஆண்டுகள் கோந்து, அரக்கு, முத்திரை என்றே காலம் போனது. அதனால் என் அம்மாவுக்குத் தபால் ஓட்டு என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோரையும்விட எனக்குத்தான் ஆர்வம். அம்மாவுக்கு வயது 86. எண்பது வயதைக் கடந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள், கொரோனா தொற்று உள்ளவர்கள் ஆகியோர் விரும்பினால் வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம் என்று இம்முறை வசதி செய்திருந்தார்கள். அதற்கு விண்ணப்பிக்கும் 12டி படிவத்தை வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீடு தேடி வந்து கொடுத்தார். “இதில் கையெழுத்துப் போட்டால் பிறகு சாவடிக்குப் போக முடியாது, யோசித்துக்கொள்ளுங்கள் பாட்டி” என்று எச்சரிக்கவும் செய்தார். அம்மா யோசிக்கவில்லை.

மார்ச் கடைசியில் ஒரு காலை, இரண்டு அலுவலர்கள், ஒரு காவலர், வீடியோ எடுப்பவர் என்று நான்கு பேர் திண்ணை ஏறினார்கள். தபால்காரர் மட்டும் இல்லை. தபால்தலை இல்லை, முத்திரை இல்லை, அஞ்சல் துறைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பெயரை மட்டும் எங்களிடமிருந்து கடன் வாங்கியிருக்கிறார்கள். சரி, போகட்டும்.

அம்மாவைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, மடியில் பலகை போட்டு, வாக்குச்சீட்டைக் கொடுத்தார்கள். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “முத்திரை எங்கே?” என்றாள். இயந்திரம் வருவதற்கு முன்பு ரப்பர் முத்திரை குத்திய காலம் அவளுக்கு நினைவில் இருக்கிறது. பேனாவால் டிக் போட்டால் போதும் என்றார் பெண் அலுவலர். அம்மா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், “சார், நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள்” என்று என்னைத் தெருவுக்கு அனுப்பிவிட்டார்கள். என் வீட்டிலிருந்தே என்னை வெளியேற்றியதற்காக அவர்களுக்கு முழு மதிப்பெண் தருகிறேன். ரகசியம் என்றால் ரகசியம்தான்.

திரும்ப அழைத்தபோது ஒட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. சீட்டு 13பி என்ற சிறிய உறைக்குள். அந்த உறையும் அம்மா கையெழுத்திட்ட 13ஏ உறுதிமொழியும் 13சி என்ற பெரிய உறைக்குள். முறை கச்சிதமானது, எங்கள் துறையில்கூட இவ்வளவு நேர்த்தியாகப் பிரித்து வைத்ததில்லை. ஆனால் கோந்து? பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் குச்சிக் கோந்து. வெயிலில் அதன் நுனி குழைந்துபோயிருந்தது. உறையின் மடிப்பு ஒரு மூலையில் எழும்பி நின்றதை நான் பார்த்தேன், அம்மாவும் பார்த்தாள். அலுவலர் கட்டைவிரலால் இரண்டு முறை அழுத்தித் தேய்த்தார். அதோடு சரி.

இனி நம் கதை. ஏப்ரல் 3, சனிக்கிழமை இரவு எனக்குக் காய்ச்சல், 100.4. தொண்டையில் முள் குத்தியது போல இருந்தது. அம்மாபேட்டைப் பள்ளி மாணவிகளுக்கு மார்ச் மாதம் தொற்று பரவியதிலிருந்தே தஞ்சை மாவட்டத்தில் எவரும் இருமலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. பின்கட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மனைவி கபசுரக் குடிநீரை வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டு ஓடுவாள்.

ஞாயிறு காலை இருவரும் பரிசோதனை செய்துகொண்டோம். அவள் அரசு முகாமுக்குப் போனாள், காசு கிடையாது. அங்கே கூட்டத்தில் நிற்க எனக்குப் பொறுமை இல்லை. காசு கொடுத்தால் சீக்கிரம் வரும் என்ற நடுத்தர வர்க்கத்து மூடநம்பிக்கை வேறு. தனியார் கூடத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். சோதனைக்கு 1,200 ரூபாய், வீட்டுக்கு வருவதற்கு 300. இரண்டும் அன்று அரசு நிர்ணயித்த கட்டணங்கள்தான், அதில் குறையில்லை. (பிறகு 2021 மே 20 முதல் 900 ஆகக் குறைத்தார்கள்.) வந்த பையன் மென்மையாக எடுத்தான். மூக்கில் குச்சி போகும்போது “சார், ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணுங்கள்” என்றான்; நான் நான்கை எட்டும்முன் முடித்துவிட்டான். 24 மணி நேரத்தில் முடிவு வரும் என்று சொல்லிப் போனான்.

அன்று மாலை 7 மணிக்குத் தெருவில் பிரசாரம் ஓய்ந்தது. திங்கள் மாலை மனைவிக்குக் குறுஞ்செய்தி வந்தது: தொற்று இல்லை. எனக்கு எதுவும் வரவில்லை. கூடத்துக்கு அழைத்தேன். “மாதிரி வெளியூர் போயிருக்கிறது சார்.” எந்த ஊர்? “அது தெரியாது சார்.” பதிவுத் தபால் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று கேட்டால் என் மேஜையில் ஒருநாளும் அந்தப் பதில் வந்ததில்லை.

செவ்வாய், ஏப்ரல் 6, வாக்குப்பதிவு. எனக்குத் தொற்று உண்டா இல்லையா என்று எனக்கே தெரியாது. 12டி படிவத்தை நினைத்துக்கொண்டேன். தொற்று உள்ளவர்களுக்கும் அது உண்டு. ஆனால் மார்ச் 12-ல் அறிவிக்கை வெளியாகி ஐந்து நாளுக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். அதாவது ஏப்ரல் 3-ல் எனக்குக் காய்ச்சல் வரும் என்று மார்ச் மத்தியிலேயே நான் ஜோசியம் பார்த்திருக்க வேண்டும். முதியவர்களுக்கு அந்தக் கெடு பொருந்தும். எண்பது வயது திடீரென்று வந்துவிடுவதில்லை. நோயாளிக்கு அது வெறும் அலங்காரம். இந்தச் சேவையில் எனக்குள்ள பெரிய குறை இதுதான். கூடத்தின் தாமதத்தைக்கூட மன்னித்துவிடுவேன்.

வாக்காளர் உதவி எண் 1950-க்கு அழைத்தேன். அறிகுறி இருந்தால் கடைசி ஒரு மணி நேரத்தில், மாலை 6 முதல் 7 வரை வாருங்கள் என்றார்கள். மனைவி காலையிலேயே போய்விட்டு வந்து கதவுக்கு வெளியே நின்று நிலவரம் சொன்னாள். கூட்டமே இல்லையாம். ஒரு சாவடிக்கு 1,000 பேருக்கு மேல் கூடாது என்று மாநிலம் முழுக்கச் சாவடிகளை 88,000-க்கு மேல் பெருக்கியிருந்தார்கள் அல்லவா, அதன் பலன். நெற்றிக்கு நேரே வெப்பமானி நீட்டினார்களாம், கிருமிநாசினி தெளித்தார்களாம், வலது கைக்கு ஒரு பாலித்தீன் உறை கொடுத்தார்களாம். “பூக்கடையில் தருகிற பையைவிட மெல்லியது” என்றாள். அதைப் போட்டுக்கொண்டு பதிவேட்டில் கையெழுத்திட்டபோது பேனா வழுக்கித் தன் பெயர் பாதியில் நின்றதாக அவளுக்கு ஒரு வருத்தம்.

ஆறு மணிக்கு நான் போனபோது அலுவலர்கள் எல்லோரும் வெள்ளைப் பாதுகாப்பு உடைக்குள் போயிருந்தார்கள். எந்த வெள்ளை உருவம் ஆண், எது பெண் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கும் ஓர் உடை கொடுத்தார்கள். சுகாதாரப் பணியாளர் ஒருவர் தள்ளி நின்றபடியே, முதலில் கால், பிறகு கை, கடைசியில் தலைமூடி என்று சொல்லச் சொல்லப் போட்டுக்கொண்டேன். இரண்டே நிமிடத்தில் முதுகில் வியர்வை ஓடியது. பொத்தானை அழுத்தினேன். பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குப் பின்னால், யாருக்கு ஓட்டு விழுந்தது என்று காட்டும் துண்டுச்சீட்டு ஏழு விநாடி நிற்கும். அதைப் பார்த்து உறுதி செய்துகொள்வது என் வழக்கம். என் முகத்தடுப்பில் மூச்சு படிந்து பனிமூட்டமாக இருந்தது. தலையை அண்ணாந்து, கீழ் விளிம்பு வழியாகப் பார்ப்பதற்குள் சீட்டு விழுந்துவிட்டது. மற்றபடி குறை சொல்ல மாட்டேன். என்னைத் தீண்டத்தகாதவனைப் போல ஒருவரும் நடத்தவில்லை. உடையைக் கழற்றி மஞ்சள் பையில் போடும்வரை காத்திருந்து, “பார்த்துப் போங்கள் ஐயா” என்று சொல்லி அனுப்பினார்கள்.

இரவு தொலைக்காட்சியில், மயிலாப்பூரில் கனிமொழி அதே போன்ற உடையில் வந்து வாக்களித்ததைக் காட்டினார்கள். “நீங்களும் இப்படித்தான் இருந்தீர்களா?” என்று முன்கட்டிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள். 9.40-க்குக் குறுஞ்செய்தி வந்தது. தொற்று இல்லை. வாக்குப்பதிவு முடிந்து இரண்டு மணி நாற்பது நிமிடம் கழித்து.

ஆகவே பரிசோதனைக்கூடத்துக்கு இரண்டு நட்சத்திரம், இரண்டும் அந்தப் பையனுக்கு. அரசு முகாமுக்கு ஐந்து. அவர்கள் கேட்கவில்லை, நானே தருகிறேன். சாவடிக்கு நான்கு. அம்மாவின் தபால் ஓட்டுக்கும் ஐந்து போட்டிருப்பேன், கோந்துக்காக ஒன்றைக் குறைத்துக்கொள்கிறேன்.

மே 2 காலை எட்டு மணிக்கெல்லாம் அம்மா தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். முதலில் தபால் ஓட்டுகளைத்தான் எண்ணுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“இந்நேரம் என் கவரைப் பிரித்திருப்பார்களா தம்பி?”

“பிரித்திருப்பார்கள் அம்மா.”

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: “அந்த மூலை ஒட்டிக்கொண்டதா, இல்லையா?”