பாம்பு பார்க்கும் ஒரு கிளினிக்: ஐந்துக்கு நாலு

நாய்க்கும் பூனைக்கும் தெருவுக்குத் தெரு டாக்டர் உண்டு. பாம்பு என்றதும் டொராண்டோவில் எங்கள் பக்கத்து கிளினிக்குகள் இரண்டும் போனிலேயே கைவிரித்துவிட்டன. மூன்றாவதாகக் கிடைத்தது இது. காரில் முக்கால் மணி நேரம்.

எங்கள் முத்து நாலு வயது பால் பைத்தான் (ball python), ஒருவகை மலைப்பாம்பு. பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்வதால் இந்த வகைக்கு 'பால்' என்று பெயர். குடிக்கிற பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஊரில் இருக்கும் அம்மாவிடம் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். எலியை விழுங்கி முடித்ததும் வாயை ஆவென்று பிளந்து கொட்டாவி விடுவான். கீழ்த்தாடையின் இரண்டு பாதிகளும் முன்பக்கம் எலும்பாக ஒட்டியிருக்காது, இழுபடும் நாரால்தான் இணைந்திருக்கும். விழுங்கும்போது விலகியதைச் சரிசெய்துகொள்ளத்தான் அந்தக் கொட்டாவி.

அதனால் ஜனவரியில் சாப்பிடாமலே வாயைத் திறந்தபோது சிரித்துக்கொண்டே வீடியோ எடுத்தோம். மூன்றாம் நாள் தலையைத் தொட்டியின் கண்ணாடியில் சாய்த்து உயர்த்தியபடியே இருந்தான். வாய் லேசாகத் திறந்தே இருந்தது. உதட்டோரம் எச்சில் குமிழ். காதை வைத்துக் கேட்டால் காலி டம்ளரில் ஸ்ட்ராவை உறிஞ்சுவதுபோல் சத்தம். பாம்பு வாங்கிய கடையில் கேட்டதற்கு, "கொட்டாவிதான், விடுங்கள்" என்றார்கள்.

இந்த டாக்டரம்மா, முத்துவைப் போட்டுக் கொண்டுபோன தலையணை உறையின் முடிச்சை அவிழ்க்கும் முன்பே, தொட்டியின் சூடான பக்கம் எத்தனை டிகிரி என்று கேட்டார். 32 என்றேன். எதில் பார்த்தீர்கள்? கண்ணாடியில் ஒட்டிய வட்ட மீட்டரில். வீட்டுக்குப் போய் டிஜிட்டல் கருவியின் முனையைத் தரையில் வைத்துப் பாருங்கள் என்றார். பார்த்தேன், 27! போதாததற்கு, குளிர்கால ஹீட்டரில் ஈரப்பதமும் காய்ந்து கிடந்தது.

அப்புறம் வாயை மெதுவாகத் திறந்து எனக்கும் காட்டினார். ஈறு வெளிர் சிவப்பாக இருந்தது; இரத்தப் புள்ளியோ பாலாடைக்கட்டிபோல் சீழோ இல்லை, எனவே வாய்ப்புண் இல்லை. மூக்குத் துளையில் உரியாத சட்டையும் இல்லை. ஆனால் வாயின் அடியில் திறந்து மூடும் மூச்சுக்குழல் முனையில் சளி நூலாக இழுத்தது. எக்ஸ்ரேயும் எடுத்துவிட்டு நுரையீரல் தொற்று என்றார். பாம்புக்கு உதரவிதானம் கிடையாது, நம்மைப்போல் இருமிச் சளியை வெளியேற்ற முடியாது. காத்திருந்தால் ஆபத்து.

செஃப்டாசிடைம் என்ற ஆன்டிபயாடிக் ஊசி, 72 மணி நேரத்துக்கு ஒருமுறை, உடம்பின் முன்பகுதியில். பின்பகுதியில் போட்டால் மருந்து நேராகச் சிறுநீரகத்துக்குப் போய்விடக்கூடுமாம். போடும் விதத்தை எனக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். நிரப்பிய ஊசிகளை ஃப்ரீசரில் வைக்க வேண்டும். துருவிய தேங்காய்க்குப் பக்கத்தில் மூன்று வாரம் அவை இருந்ததை என் மனைவி இன்னும் மன்னிக்கவில்லை.

எக்ஸ்ரே, மருந்து எல்லாம் சேர்த்து 410 டாலர். குறை என்றால் காத்திருக்கும் அறைதான். நாய்கள் குரைக்க, கதவு திறக்கும்போதெல்லாம் பனிக்காற்று. சளி பிடித்த பாம்பை மடியில் வைத்துக்கொண்டு இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அதற்குத்தான் ஒரு ஸ்டார் குறைத்தேன். போகிறவர்கள் துணியில் சுற்றிய வெந்நீர்ப் பை ஒன்று எடுத்துப் போங்கள். பார்க்கிங் பின்பக்கம், இலவசம்.